ரும்பாவுக்குப் பால்வாளித் தாளம்

மெர்கோங்கில் இரண்டு கடை, கரங்கானில் ஒரு மரப்பட்டறை. எல்லாம் மூன்றாம் வகுப்பைத் தாண்டாத நான் எழுப்பியவை. என்னையும் மிஞ்சிய துணிச்சல்காரர் ஒருவரே: அந்த நாளில் நான் ரப்பர்ப் பால் எடுத்த தோட்டத்தின் கணக்கரான கிராணி. தோட்டத்துக் கிளப்பில் மனைவியோடு ரும்பா என்னும் மேல்நாட்டு ஜோடி நடனம் ஆடுவார். முழங்கால் மாறி மாறி மடங்க, இடுப்பு தானாக அசையும்; தோள் அசையாது. அவர் உள்ளங்கை முதுகில் லேசாக அழுத்தினால் அந்த அம்மா சுழல்வார்.

வெள்ளைக்காரன் பாட்டு கூடாதென்று, போரில் நாட்டைப் பிடித்த ஜப்பான்காரன் கிராமபோனைப் பறித்துப் போனான். மறுவாரமே கிராணி என் பால்வாளியைக் காட்டி, "தட்டுடா" என்றார்.

"ஐயா, வாசல்ல சிப்பாய் நிக்கிறான்!"

"பெட்டியதானே தூக்கிட்டுப் போனான்? எங்க காலையுமா? நிறுத்தாம தட்டு-லா!"

தட்டினேன். ஆட்டம் முடியும்வரை சிப்பாய் முறைத்துக்கொண்டே நின்றான்; பிறகு போய்விட்டான். அந்த மனிதருக்குப் பயம் ஏன் வரவில்லையென்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.

அவர் ஆட்டத்தைப் புகழ்கிறவர்களே, தாளம் போட்டவன் நான். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.