எல்லாரும் சேர்ந்து படித்த கல்

1. லாரி

கிழக்குத் தாம்பரத்தில் பிரௌசிங் சென்டர் நடத்திக்கொண்டிருந்தேன். வீடு பீர்க்கன்கரணையில், ஏரிக்குப் போகும் வாய்க்காலை ஒட்டி. இரண்டாயிரத்து நாலு, ஐந்து வாக்கில் ஒரு நாள் காலை கடைக்குக் கிளம்பும்போது, பிளாட் போடுகிற புரமோட்டரின் லாரி வாய்க்காலில் மண் கொட்டிக்கொண்டிருந்தது. வாய்க்கால் தூர்ந்தால் மழைத்தண்ணீர் எங்கள் வீட்டுக்குள்தான் வரும். இதைப் புரிந்துகொள்ள யாரும் எஞ்சினியரிங் படிக்க வேண்டாம்.

தாலுகா ஆபீஸ் சர்வேயர் மேப்பை விரித்துப் பார்த்தார். "இதுல வாய்க்காலே காட்டலையேம்மா. பழைய ஆதாரம் இருக்கா?"

இருந்தது. வாய்க்கால் கரையில் இடுப்பு உயரத்துக்கு வெள்ளைக்காரன் காலத்துக் கல். மேலே 'இந்த வாய்க்கால்' என்பது வரைக்கும் படிக்க முடிந்தது. மீதி வரிகளில் காரையும் பாசியும் அடைத்திருந்தன.

"எதுலேர்ந்து எதுவரைக்கும்னு கீழ போட்டிருப்பான். அதைப் படிச்சு, போட்டோவோட மனு குடுங்க. லாரியை நிறுத்திடலாம்" என்றார்.

2. மாவு

வீட்டு டயல்-அப்பில் போட்டோ ஏறாது என்று என் கடைக்கு வருவார் ஸ்ரீதர். சேலையூர்க்காரர், சாஃப்ட்வேர் வேலை. கல்வெட்டு ஆர்வலர்களின் இணையக் குழுமத்துக்கு மாடரேட்டர். அவர்கள் பாஷையில் மட்டுறுத்துநர். விஷயத்தைச் சொன்னேன்.

"கவலையே படாதீங்க மேடம். சிட்னி வரைக்கும் நூறு பேர் இருக்கோம். ஒரே சண்டேல முடிச்சிடலாம்."

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். எல்லோருக்கும் ஒரே நிற டி-ஷர்ட். அந்த நிறத்தை முடிவு செய்யவே மாதக்கணக்கில் விவாதம் நடந்ததாம். கல்லைக் கழுவி, எழுத்து எடுப்பாகத் தெரிய அரிசி மாவைக் குழைத்துப் பூசி, மேலாகத் துடைத்தார்கள். பள்ளங்களில் மாவு தங்கி எழுத்து பளிச்சென்று நின்றது. வந்ததில் உருப்படியாக நடந்த ஒரே வேலை அதுதான்.

நான் படிக்கக் குனிந்தேன். ஸ்ரீதர் குறுக்கே வந்துவிட்டார்.

"இங்க யாரும் படிக்கக் கூடாது மேடம். ஒருத்தர் படிச்சா மத்தவங்க மனசுல அதுவே பதிஞ்சிடும். போட்டோ எடுத்துப் போட்டு குரூப்ல எல்லாரும் சேர்ந்து படிப்போம். அதான் நம்ம மெத்தட்."

அதற்குள் போட்டோவுக்கு வரிசை கட்டிவிட்டது. என்னைக் கல் பக்கமே விடவில்லை. அவர்களே படித்துச் சொல்லிவிடுவார்கள் என்று நானும் விட்டுவிட்டேன்.

3. வாக்கெடுப்பு

போட்டோக்கள் குழுமத்தில் ஏறின. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். ஒவ்வொன்றிலும் கல்லுக்கு முன்னால் ஒரு மகானுபாவர் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். மேல் வரி தெளிவாகத் தெரிந்தது. கீழ் வரிகளை டி-ஷர்ட்டும் முழங்காலும் மறைத்திருந்தன. கல்லை மட்டும் வேறு யாராவது எடுத்திருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்துவிட்டார்கள்.

இதற்கெல்லாம் அவர்கள் அசரவில்லை. 'அருமை', 'வாழ்த்துகள்' என்று மடல்கள் குவிந்தன. கீழ் வரியில் என்ன இருக்கலாம் என்று வாரக்கணக்கில் ஆளுக்கொரு ஊகம் சொன்னார்கள். கடைசியில் வாக்கெடுப்பு நடத்தி ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள்.

அதை சர்வேயரிடம் கொண்டுபோனேன். "ஓட்டுப் போட்டு முடிவு பண்ண இது என்ன எலெக்‌ஷனாம்மா?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"இன்னொரு தடவை வந்து எடுங்க சார்" என்று ஸ்ரீதரைக் கேட்டேன்.

"அடுத்த மீட் படப்பையில மேடம். இந்தக் கல்லை கம்ப்ளீட்டட்னு போட்டாச்சு. அது என் முடிவு இல்ல, குரூப் டிசிஷன்."

பக்கத்து ஸ்டூடியோக்காரரை கேமராவோடு கூட்டிக்கொண்டு நானே போனேன். கல்லைக் காணவில்லை. தகரக் கூரை, உண்டியல், உள்ளே அம்மன். உச்சியில் வெள்ளிக் கண்மலர், கீழே முழுக்க பாத்ரூம் டைல்ஸ். வெள்ளை பூசிய கல்லைப் பார்த்த யாரோ மஞ்சள் குங்குமம் வைத்திருக்கிறார்கள். புரமோட்டரின் ஆள் ஏகாம்பரம் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

"அம்மன் தானா வந்துகீதுக்கா. மாவு பூசி பூஜை ஆரம்பிச்சதே உன் ஆளுங்கதான். நாங்க டைல்ஸ்தான் ஒட்னோம். இனிமே கை வச்சின்னா ஊரே பேஜார் பண்ணும், பார்த்துக்க."

4. மழை

வாய்க்கால் மூடிப்போனது. ஐப்பசி மழையில் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். அந்த வாரம் குழுமத்துக்கு எழுதினேன்: 'கல் டைல்ஸுக்குள் இருக்கிறது, நாங்கள் தண்ணீருக்குள் இருக்கிறோம். கீழ் வரியை யாராவது நேரில் பார்த்தீர்களா?'

ஸ்ரீதர் பதில் போட்டார்: 'சகோதரி, வருந்துகிறோம். ஆயினும் கல்வெட்டுக்குத் தொடர்பில்லாத தனிப்பட்ட மடல்களைக் குழும விதிப்படி தவிர்க்க வேண்டுகிறோம்.' அதற்குக் கீழே வழிமொழிந்து வரிசையாக ஆட்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இப்போது என் கடையில் வேலைக்கு வருகிற பிள்ளைகள் கூட்டு முயற்சி என்று அடிக்கடி சொல்கிறார்கள். செய்யுங்கள். ஆனால் நூறு பேர் இருக்கிறோம் என்று யாராவது வந்தால், செய்யப்போகிற ஒருவரின் பேரை முதலிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் வீட்டுக்குள் தண்ணீர் வந்த பிறகு, திட்டுவதற்குக்கூட ஆள் கிடைக்காது.