லென்ஸ் அக்காவின் முதல் கேள்வி

கண்ணாடிக் கடையில் லென்ஸைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துவது அவள் வேலை. மேசை இழுப்பறையில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி கிடக்கும். உணவுப் பொட்டலங்களின் பின்பக்கம் எறும்பு ஊர்ந்ததுபோல் அச்சடித்திருப்பதை அதை வைத்துத்தான் படிப்பாள். எந்த பிஸ்கட்டைத் தொடலாம், எந்தச் சாஸுக்குள் கோதுமை ஒளிந்திருக்கிறது என்று படித்ததை 'கோதுமை வேண்டாம்' என்ற இணையக் குழுவில் போடுவாள். அங்கே யாருக்கும் அவள் பெயர் தெரியாது. எல்லோருக்கும் லென்ஸ் அக்கா.

அது சீலியாக் நோய்க்காரர்களின் குழு. கோதுமையிலும் பார்லியிலும் உள்ள ஒரு புரதம் அவர்கள் குடலைக் கெடுத்துவிடும். சாப்பிடுவது உடம்பில் ஒட்டாது. அவளுக்கும் அதேதான். அவளுடைய அக்காவுக்கும் இருந்திருக்க வேண்டும். போன இடமெல்லாம் "ஒண்ணுமில்ல" என்று சொல்லி அனுப்பினார்கள். எலும்பும் தோலுமாகிப் போன அக்கா கடைசியில் ஒரு காய்ச்சலைக்கூடத் தாங்கவில்லை. அதற்குப் பிறகுதான் தங்கைக்கு நோயின் பெயர் தெரிந்தது. அழுதுகொண்டு உட்கார்ந்திருக்க முடியாமல் அவள் இந்தக் குழுவைத் தொடங்கினாள்.

புதிதாக யார் வந்தாலும் குழுவே திரண்டு சொல்லும் முதல் வார்த்தை ஒன்றுதான்: இன்றைக்கே கோதுமையை நிறுத்துங்கள். பட்டவர்களின் அவசரம் அது. அவள்தான் அதை எல்லாவற்றுக்கும் மேலே பதித்து வைத்திருந்தாள்.

அப்படி வந்தவர்களில் ஒரு தையற்காரர். தன் மகளுக்கு இரண்டு வருடத்துக்கு முன் தைத்த கவுன் இன்னும் அளவு மாறாமல் பொருந்துகிறது என்று எழுதியிருந்தார். ஊரார் துணியையெல்லாம் பிரித்துப் பெரிதாக்குகிறவருக்குத் தன் வீட்டில் அந்த வேலை இல்லை. மருத்துவர் இரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்திருந்தார், தேதிதான் தள்ளிக்கொண்டே போனது. குழு சொன்னபடி அவர் கோதுமையை நிறுத்தினார். பெண்ணுக்கு அடிக்கடி வந்த வயிற்று வலி மெல்ல அடங்கியது.

சில மாதம் கழித்து, பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று எழுதினார். வாழ்த்துகள் குவிந்தன. கடையில் லென்ஸைத் துடைத்துக்கொண்டே அதைப் படித்தவள், லென்ஸை வைத்துவிட்டு மறுபடி படித்தாள். ஒண்ணுமில்ல. அக்காவுக்குச் சொன்ன அதே சொல். கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருந்தால்தானே இரத்தத்தில் அடையாளம் நிற்கும்? அதை நிறுத்தச் சொன்னதே அவர்கள்தானே?

கடை வாசலுக்கு வந்து தையற்காரருக்குப் போன் செய்தாள். பழையபடி கோதுமை கொடுத்து மறுபடி பரிசோதிக்க வேண்டியிருக்கும் என்றாள். அந்தப் பக்கம் தையல் மிஷின் சத்தம் நின்றது.

"நல்லாயிருக்கற புள்ளைக்கு வலியை நானே ஊட்டணுமா? நீங்கதானேம்மா நிறுத்தச் சொன்னீங்க?"

"நாங்கதாண்ணே. தப்பு எங்க மேலதான். நடந்ததை மறைக்காம டாக்டர்கிட்ட சொல்லுங்க. அவர் சொன்னா மட்டும் கொடுங்க. எங்கக்காவையும் ஒண்ணுமில்லன்னுதான் அனுப்பினாங்க. இப்ப அவ இல்லண்ணே."

அவர் போனைப் பட்டென்று வைத்துவிட்டார். ஆனால் மறுநாளே மருத்துவரிடம் போனார். கண்டவர் பேச்சைக் கேட்டு ஏன் நிறுத்தினீர்கள் என்று மருத்துவர் ஒரு பிடி பிடித்துவிட்டு, தம் கண்காணிப்பில் மீண்டும் கொடுக்கச் சொன்னார். தினமும் ரொட்டி. வலி திரும்பி வந்தது. யாரந்த லென்ஸ் ஆன்ட்டி, முதலில் தின்னாதே என்பார், அப்புறம் தின்னு என்பார், அவருக்கே ஒரு கண்ணாடி போட்டுவிட வேண்டும் என்றாளாம் பெண். தையற்காரர் அதைச் சொன்னபோது லென்ஸ் அக்கா சிரித்தாள். சிரித்தாலும் அந்த வாரங்களில் அவளுக்கும் சோறு இறங்கவில்லை.

முடிவு வந்த அன்று தையற்காரரே கூப்பிட்டார்.

"வந்துருச்சும்மா. சீலியாக்தான்னு டாக்டரே சொல்லிட்டாரு." அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. "இனி என்ன செய்யணும்னு தெரியும்ல? அது போதும்."

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. செய்தியைக் கேட்ட அவள் கணவன், "நோய் இருக்குன்னு தெரிஞ்சு சந்தோஷப்படற கூட்டத்தை இங்கதான் பாக்கறேன்" என்றபடி அவளுக்கு டீ போட எழுந்தான்.

அன்றே குழுவின் உச்சியில் இருந்த வரியை எடுத்துவிட்டாள். இப்போது புதிதாக வருகிறவர்களிடம் அங்கே ஒரு கேள்விதான் இருக்கிறது: 'பரிசோதனை முடிந்துவிட்டதா? முடியும்வரை எதையும் நிறுத்தாதீர்கள்.'

வெகுநாள் கழித்துத் தையற்காரர் ஒரு படம் அனுப்பினார். அதே கவுன்தான். கீழ்மடிப்பைப் பிரித்து இறக்கியிருந்தார். பழைய தையல் ஓடிய தடம் துணியில் வெளுப்பாகத் தெரிந்தது. பூதக்கண்ணாடியை எடுத்து அந்தத் தடத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.