முத்துச்செல்வி ஓடிப்போன கதை

முத்துச்செல்வி ஓட ஆரம்பித்ததற்குக் காரணம் கம்பெனி பஸ் டிரைவர் கோவர்தன். அவரைக் குறை சொல்ல முடியாது. விடிந்தும் விடியாமலும் ஷிப்டுக்கு ஆள் ஏற்றுகிற மனுஷனுக்கு வேறு என்ன பொழுதுபோக்கு? எந்தப் பெண்ணாவது பிந்தி ஓடி வந்தால் நிறுத்துவது போல் பஸ்ஸை மெதுவாக்குவார். அவள் கை கம்பியைத் தொடப்போகிற நேரம் பார்த்து லேசாக முன்னால் நகர்த்துவார். மறுபடி மெதுவாக்குவார், மறுபடி நகர்த்துவார். ஜன்னலோரமெல்லாம் சிரிப்பாகக் கிடக்கும். பிறகு நிறுத்தி ஏற்றிக்கொள்வார்.

அன்றைக்குச் செல்வியின் முறை. பஸ் இரண்டாம் தடவை நகர்ந்தபோதே அவள் ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டாள். விலா பிடித்துக்கொண்டது. வாய்க்குள் ஆணியைச் சப்பியது போல ஒரு ருசி. கோவர்தன் பதறிப்போய் இறங்கி வந்தார்.

"இன்னாமா, சோறு துன்றியா இல்லியா? இந்தத் தூரத்துக்கே குந்திகினியே?" என்று தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

பஸ் முழுக்க எட்டிப் பார்த்தது. செல்வி வெட்கத்தில் பாதித் தண்ணீரை மூக்கால் குடித்தாள். இந்த பஸ்ஸை ஒரு நாளாவது ஓடிப் பிடிக்க வேண்டும் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டாள்.

அவள் களக்காட்டுப் பக்கத்துப் பெண். ஸ்ரீபெரும்புதூரில், காருக்குள் போகும் ஒயர்களைக் கட்டாகச் சேர்த்து டேப் சுற்றும் கம்பெனியில் வேலை. செல்போன் என்பது சூப்பர்வைசர் இடுப்பில் மட்டும் தொங்கிக்கொண்டிருந்த காலம் அது. கம்பெனியில் எல்லாமே ஓடும். லைன் ஓடும், மெஷின் ஓடும், ஓ.டி. ஓடும். ஓடாமல் ஷிப்டு முழுக்க ஒரே இடத்தில் நிற்பது செல்வியின் கால்கள் மட்டும்தான்.

தங்கியிருந்தது வல்லக்கோட்டை போகிற வழியில், கங்காக்கா வீட்டு மாடியில். தெற்கத்திப் பெண்களாக ஒரு மாடி நிறைய இருந்தார்கள். குளியலறை மட்டும் ஒன்று. செல்வியை இங்கே அனுப்புவதற்கு அவள் அப்பா வனமாமலை லேசில் சம்மதிக்கவில்லை. ஊரே வேண்டாம் என்று சொன்னபிறகு, ஊர் சொன்னதாலேயே வீம்புக்குச் சரி என்றார். ஆனால் பஸ் ஏற்றிவிடும்போது ஒன்று சொன்னார். அவளைப் பற்றி ஒரு பேச்சு வந்துவிட்டால் அன்றைக்கே பெட்டியைக் கட்டிவிட வேண்டும். பேச்சு நிஜமா பொய்யா என்றெல்லாம் விசாரணை கிடையாது.

செல்வி தலையாட்டினாள். டேப் சுற்றுவதில் என்ன பேச்சு வந்துவிடப் போகிறது?

ஓட்டம் மாடத்தியோடு சேர்ந்துதான் தொடங்கியது. மாடத்தி பக்கத்துப் பாய்க்காரி, வாய்க்காரி. துப்பட்டாவைக் குறுக்கே போட்டு இடுப்பில் முடிந்துகொண்டு, ரப்பர் செருப்போடு இருவரும் விடியலில் கிளம்பினார்கள். கொஞ்ச நாளில், மூச்சு வாங்குவதற்கு மாடிப்படியே போதும் என்று சொல்லி மாடத்தி போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். செல்வி மட்டும் ஒரு கேன்வாஸ் ஷூ வாங்கிக்கொண்டு தனியாக ஓடினாள்.

ஓடினாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. கொஞ்சம் ஓடுவாள், நிறைய நடப்பாள். முழங்காலுக்குக் கீழே எங்கெல்லாம் வலிக்க முடியுமோ அங்கெல்லாம் வலித்தது. செங்கல் சூளைக்கிட்ட ஒரு செவலை நாய் தினமும் குரைத்துக்கொண்டு விரட்டியது. உண்மையில் அவளுக்கு வேகம் கற்றுக்கொடுத்தது அதுதான். பிறகு அதற்கே அலுத்துப்போய், குரைப்பதை விட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடி வந்தது.

நாயைவிடத் தொல்லை மனிதர்கள் கேட்ட கேள்வி. எதற்கு ஓடுகிறாய்? டீக்கடையில் கேட்டார்கள், மணல் லாரியைக் கழுவிக்கொண்டிருந்தவர்கள் கேட்டார்கள். போலீஸ் செலக்‌ஷனா? உடம்பு குறையவா? அவளிடம் குறைக்க உடம்பே இல்லை. சும்மா ஓடுகிறேன் என்றால் ஒருத்தரும் நம்பவில்லை. ஒரு பெண்பிள்ளை சும்மா உட்காரலாம், சும்மா நிற்கலாம். சும்மா ஓடுவது அவர்கள் கேள்விப்படாத விஷயம்.

கடைசியில் ஒரு பொய் சொன்னாள். வல்லக்கோட்டை முருகனுக்கு வேண்டுதல், கோயில் வரைக்கும் ஓடி வருவதாக வேண்டியிருக்கிறேன் என்றாள். அவ்வளவுதான், எல்லார் வாயும் அடைத்துப்போனது. டீக்கடைக்காரர் தனக்கும் சேர்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு வரச் சொன்னார். கங்காக்காவோ, என்ன வேண்டுதல் என்று கேட்கவே கூடாது, கேட்டால் பலிக்காது என்று மாடி முழுக்க உத்தரவு போட்டார்.

பொய்யாகச் சொன்னதுதான். ஆனால் சொன்னபிறகு அதுவே அவளைப் பிடித்துக்கொண்டது. கோயிலின் அலங்கார வளைவு வரைக்கும் நிற்காமல் ஓடிவிட வேண்டும். அதற்கு முன்னால் ஏரிக்கரையில் ரோடு மேடேறும். அந்த மேடு அவளைத் தினமும் தோற்கடித்தது. பாதி மேட்டில் மூச்சு தொண்டைக்கு வந்துவிடும், கால் தானாக நடக்கத் தொடங்கிவிடும். நாய் திரும்பிப் பார்த்துக் காத்திருக்கும். அந்தப் பார்வைதான் ரொம்ப அவமானம்.

மழை வந்த ஒரு வாரம் விட்டுவிட்டாள். இனிமேல் வேண்டாம் என்றுதான் இருந்தாள். நன்றாகத் தூங்கினாள், குளியலறைக்கு வரிசையில் நின்றாள். ஆனால் ஏதோ குறைந்தது. யோசித்துப் பார்த்தாள். மாடியில் கங்காக்கா தலையை எண்ணிக் கதவைச் சாத்துவார். பஸ்ஸில் எண்ணுவார்கள். லைனில் அவள் சுற்றிய கட்டுகளை எண்ணுவார்கள். பாத்ரூம் போனால் நிமிஷத்தை எண்ணுவார்கள். அவளை யாருமே எண்ணாத நேரம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதைப் போய்த் தூக்கத்துக்குக் கொடுத்துவிட்டாள்.

மறுநாள் எழுந்துவிட்டாள். எழ முடியாத நாட்களில் தன் கால்களையே ஏமாற்றினாள். அந்தப் புளியமரம் வரைக்கும்தான், அப்புறம் திரும்பிவிடலாம் என்பாள். மரம் வந்ததும், சூளை வரைக்கும்தான் என்பாள். கால்கள் தினமும் நம்பின. கால்களுக்குப் புத்தி இல்லாததில் இப்படி ஒரு வசதி.

இப்படியிருக்கையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், செல்வி ரோட்டில் இருந்த நேரம், கங்காக்கா வீட்டு போன் அடித்தது. பேசியவர் ஊரில் உரக்கடை வைத்திருக்கும் அய்யாத்துரை. வனமாமலைக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அந்தக் கடை போனுக்குத்தான் சொல்ல வேண்டும். அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு நாள் குறித்தாயிற்று, செல்வியை லீவு போடச் சொல்ல வேண்டும் என்பதுதான் சேதி. அவர் அதைச் சொல்லிவிட்டு, அந்தப் பிள்ளையைக் கூப்பிடுங்கள் என்றார்.

"செல்வியா? அது காலைலயே ஓடிட்ச்சேபா," என்றார் கங்காக்கா.

உரக்கடையில் பேச்சு நின்றுபோனது. யாரோடு என்று அய்யாத்துரை மெதுவாகக் கேட்டார்.

"தனியாத்தான். மின்ன மாடத்தியும் கூட ஓடிகினு இருந்துச்சு. அது வுட்டுட்ச்சு."

எங்கே ஓடினாள் என்று கேட்டார்.

"வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குத்தான். புது ஷூவெல்லாம் போட்டுகினு போய்க்கீது. மனசுல இன்னாவோ நெனச்சிகினு கீதுபா, அத்த முடிச்சாத்தான் நிறுத்துமாம். நீ ஒண்ணும் கவலப்படாத. முருகன் பாத்துப்பாரு."

அய்யாத்துரை போனை வைத்துவிட்டார். கோயில், புது ஷூ, மனசில் நினைத்ததை முடிப்பது. ஓடிப்போன பெண்ணுக்கு இதற்கு மேல் என்ன அடையாளம் வேண்டும்? செல்வி திரும்பி வந்தபோது, ஊரிலிருந்து போன் வந்தது, ஏதோ கொடையாம் என்று கங்காக்கா சொன்னார். அவளும் சரி என்று துணி துவைக்கப் போய்விட்டாள்.

அங்கே வனமாமலைக்குச் சேதி போனது. உரக்கடையில் நாலு பேர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கும்போது, என் மகள் எவனோடு ஓடினாள் என்று போனில் கேட்க எந்த அப்பனால் முடியும்? அவர் ஒரு மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

மறுநாள் விடியலில் செல்வி வழக்கம்போல் கிளம்பினாள். புளியமரம் என்று பொய் சொன்னாள், சூளை என்று பொய் சொன்னாள். நாய் சேர்ந்துகொண்டது. ஏரிக்கரை மேடு வந்தது. அன்றைக்கு வேகமாக ஏறவில்லை. லைனில் டேப் சுற்றுவது போல, இழுக்காமல், விடாமல், ஒரே சீராகக் காலை வைத்தாள். பாதி மேடு தாண்டியது. மூச்சு தொண்டைக்கு வந்தது, ஆனால் அங்கேயே இருந்தது. மேடு முடிந்து வளைவு தெரிந்தது.

வளைவுக்கு அடியில் அப்பா நின்றிருந்தார்.

கையில் மஞ்சள் பை. முகத்தில் ராத்திரி முழுக்கத் தூங்காத வீக்கம். செல்விக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டதா? நின்றுவிடலாமா என்று நினைத்தாள். ஆனால் நின்றால் வளைவு போய்விடும். நிற்காமல் நேராக அவரை நோக்கி ஓடினாள்.

வனமாமலை பார்த்தது வேறு. தலை கலைந்து, வேர்த்து விறுவிறுத்து, மகள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வருகிறாள். அவர் பையைக் கீழே போட்டுவிட்டுக் குனிந்து ஒரு கல்லை எடுத்தார்.

"ஏட்டி, எவன்ட்டி வெரட்டுதான்?"

"யாரும் வெரட்டலப்பா. கல்லப் போடுங்க, அது நம்ம நாய்."

வளைவைத் தொட்டுவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். அம்மாவுக்கு என்ன என்று கேட்டாள். அம்மாவுக்கு ஒன்றுமில்லை. அவர் அவளுக்குப் பின்னால் இருந்த ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பய எங்க?"

"எந்தப் பய?"

"ஒன்னயக் கூட்டிட்டு ஓடுனவன்."

மூச்சு வாங்கியதில் இது விளங்குவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. விளங்கியதும் சிரிப்பு வந்தது. அப்பா முகத்தைப் பார்த்ததும் அது பாதியில் நின்றுவிட்டது. யாரும் கூட்டிக்கொண்டு ஓடவில்லை, நானாகத்தான் தினமும் ஓடுகிறேன் என்றாள். எதற்கு என்று அவரும் கேட்டார். வேண்டுதல் என்று சொல்லியிருக்கலாம். அப்பாவிடம் அந்தப் பொய் வரவில்லை.

"சும்மாதாம்ப்பா. ஓடுனா நல்லாருக்கு."

வனமாமலை, ஊர் முழுக்கப் பேச்சு வந்துவிட்டது, நான் அன்றைக்குச் சொன்னது நினைவிருக்கிறதா என்றார். செல்விக்கு நினைவிருந்தது. பெட்டி, பஸ், களக்காடு எல்லாம் வரிசையாகக் கண்ணுக்கு முன்னால் வந்தன. வாதாடலாம் என்று வாயைத் திறந்தாள். வந்ததோ வேறு.

"யப்பா, இன்னைக்குத்தான் மொதவாட்டி நிக்காம வந்திருக்கேன்."

"எங்கேருந்து?"

"கங்காக்கா வீட்டுலேருந்து."

அவர் திரும்பி ரோட்டைப் பார்த்தார். சற்று முன்புதான் அதில் நடந்து வந்திருந்தார். மேட்டில் மூச்சு முட்டி, பையை இறக்கி வைத்து, இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழுந்து வந்திருந்தார்.

"அந்த மேட்டுலயுமா நிக்கல?"

"நிக்கல."

நாய் வந்து அவர் காலை முகர்ந்தது. எங்கோ தூரத்தில் கம்பெனி பஸ்ஸின் ஹாரன் கேட்டது. ஷிப்டுக்கு நேரமாகிறது என்று செல்வி தரையைப் பார்த்துச் சொன்னாள். அவர் போ என்றால் வேலைக்கு, வா என்றால் ஊருக்கு. வனமாமலை தன் கையைப் பார்த்தார். கல் இன்னும் அதிலேயே இருந்தது. அதைக் கீழே போட்டுவிட்டுக் கையை வேட்டியில் துடைத்தார்.

"அப்ப ஓடு," என்றார்.

ஓடினாள். வீட்டுக்குப் போய் முகத்தில் தண்ணீரை அடித்துவிட்டு, யூனிபாரத்தை மாட்டிக்கொண்டு ரோட்டுக்கு வந்தபோது பஸ் கிளம்பிவிட்டது. கோவர்தன் கண்ணாடியில் பார்த்துவிட்டார். மெதுவாக்கினார், நகர்த்தினார். இந்தத் தடவை பஸ் நகர்ந்தபோது செல்வியும் கூடவே நகர்ந்தாள். அவர் இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். அவளும் இன்னும் கொஞ்சம் நகர்ந்து, கம்பியைப் பிடித்து, படியில் காலை வைத்துவிட்டாள். மாடத்தி விசில் அடித்தாள். கோவர்தன் பஸ்ஸை நிறுத்தி, தண்ணீர் பாட்டிலை எடுத்துத் தானே ஒரு வாய் குடித்தார்.

மிச்சத்தைச் சாயங்காலம் கங்காக்கா சொன்னார். அப்பா வந்து காபி குடித்தாராம். தான் போனில் சொன்னது இப்படி அர்த்தம் மாறிப் போய்ச் சேர்ந்ததைக் கேட்டு, கங்காக்கா தலையில் அடித்துக்கொண்டாராம். பிறகு அப்பா அய்யாத்துரைக்கு போன் போட்டிருக்கிறார். மகள் ஓடியது உண்மைதானா என்று அய்யாத்துரை கேட்டிருப்பார் போல.

"உண்மைதான்வே. நானே கண்ணால பாத்தேன்," என்றாராம் அப்பா. "அம்புட்டு மேட்டுலயும் நிக்காம ஓடுதா. கடையில இருக்க எல்லார்ட்டயும் சொல்லும்."

மத்தியான பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டார். கிளம்பும்போது மாடிப்படியில் கிடந்த கேன்வாஸ் ஷூவைப் பார்த்து நின்றாராம். கொடைக்கு வரும்போது அந்த பூட்ஸையும் எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

செல்வி அந்த ஷூவை எடுத்துப்போய், ஏரிக்கரை மண் போகத் தேய்த்துக் கழுவி, மாடிச் சுவரில் காயவைத்தாள். விடியும்போது அது காயவே இல்லை. ஈரத்தோடேயே போட்டுக்கொண்டு, புளியமரம் வரைக்கும்தான் என்று கால்களிடம் சொன்னாள்.