சிவப்புக் கொடிக்குப் பின்

என் கணவர் கோயம்புத்தூர்க்காரர். கல்லூரியில் படிக்கும்போதே ஊர் ரேஸ் டிராக்கில் பைக் ஓட்டியவர். ஷார்ஜாவில் ஏசி கம்பெனி வேலை, கல்யாணம், குழந்தை என்று ஆன பிறகு பல வருடம் அதை விட்டிருந்தார். நாற்பதைத் தொடும் வயதில் ஒரு பழைய ரேஸ் பைக்கை வாங்கி, குளிர்காலத்தில் நடக்கும் கிளப் பந்தயங்களில் மறுபடி சேர்ந்தார். இரண்டாவதாக வந்திருக்கிறார், மூன்றாவதாக வந்திருக்கிறார். ஒருமுறைகூட முதலாவதாக வந்ததில்லை.

போன சீசனின் நடுவில், சினிமா தியேட்டர் படியில் கால் தவறி விழுந்தார். அதற்கு முன்பே மேஜையில் இருக்கும் தம்ளரைத் தட்டிவிடுவதும் கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்வதும் நடந்துகொண்டிருந்தன. கண் டாக்டரிடம் போனோம். விழித்திரை கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுக்கொண்டு வருகிறது, ஓரப் பார்வை சுருங்கிக்கொண்டே போகும், வெளிச்சம் குறைந்தால் இன்னும் மோசமாகும், இதற்கு மருந்து கிடையாது என்றார் டாக்டர். ரேஸ் பற்றி இவர் கேட்டார். டாக்டர், நல்ல பகல் வெளிச்சத்தில் இப்போதைக்கு ஓட்டலாம், வெயில் சாய்ந்த பிறகு எந்த வண்டியையும் தொடக்கூடாது, அடுத்த வருட ரேஸ் லைசென்ஸ் பரிசோதனையில் தேறவே மாட்டீர்கள் என்றார்.

பார்க்கிங்கில் கார் சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, "இந்த சீசனோட கடைசி ரேஸ் மத்தியானந்தான். அது ஒண்ணு மட்டும் ஓட்டிக்கிறேன்" என்றார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மகளுக்குப் பன்னிரண்டு வயது. அவளிடம் எதுவும் சொல்லவில்லை.

அந்தக் கடைசி ரேஸ் நடந்த சனிக்கிழமை அவர் ஓட்டியதைப் போல நான் பார்த்ததே இல்லை. பன்னிரண்டு சுற்றுப் பந்தயம். முதல் வளைவிலேயே முன்னால் போய்விட்டார். சுற்றுக்குச் சுற்று இடைவெளி கூடிக்கொண்டே வந்தது. இரண்டாவதாக வந்துகொண்டிருந்தவர் துபாயில் வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்து இளைஞர். இவரை 'அண்ணை' என்று கூப்பிடுவார், எங்கள் வீட்டில் சாப்பிட்டிருக்கிறார். இவர் நேர்ப்பாதையைத் தாண்டி வளைவில் மறைந்த பிறகுதான் அந்த இளைஞரின் பைக் கண்ணுக்கே தெரிந்தது. மகள் கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தாள்.

எட்டாவது சுற்றின் கடைசி வளைவில் இவர் திரும்பும்போது, பந்தயத்தை நிறுத்தச் சொல்லும் சிவப்புக் கொடி விழுந்தது. பின்னால் எங்கேயோ ஒருவருடைய எஞ்சின் வெடித்து, பாதையெங்கும் ஆயில். ஓட்டியவருக்கு ஒன்றுமில்லை. எல்லோரும் மெதுவாக உள்ளே வந்தார்கள்.

அதிகாரி வந்து விளக்கினார். எட்டு சுற்று முடிந்திருந்தால் பந்தயம் அதோடு முடிந்ததாக அறிவித்திருப்பார்கள், இவர்தான் வெற்றி. ஏழுதான் முடிந்திருக்கிறது. அதனால் பாதையைத் துடைத்த பிறகு மிச்சச் சுற்றுகளுக்கு மறுபடி ஸ்டார்ட். வரிசையில் இவர் முதலில் நிற்கலாம். ஆனால் சேர்த்துவைத்த இடைவெளி கணக்கில் வராது.

"நாட் ஃபேர், அப்பா. நீங்க எவ்ளோ முன்னாடி இருந்தீங்க" என்று மகள் அழ ஆரம்பித்தாள்.

இவர் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு அவளைப் பக்கத்தில் உட்கார வைத்தார். "போன தடவை நான் கடைசியில கெடந்தேனே கண்ணு, அப்பவும் செவப்புக் கொடிதான் என்னைக் கொண்டுபோய் முன்னாடி இருந்தவங்க முதுகுல சேர்த்துச்சு. ரெண்டாவதா வந்தேன். அன்னிக்கு நாம பிரியாணி சாப்பிட்டோம். அன்னிக்கு அது ஃபேர்னா இன்னிக்கும் ஃபேர்தான்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆயிலைத் துடைத்து, மண் போட்டு, அதைக் கூட்டி அள்ளுவதற்குள் வெயில் மஞ்சளாகிவிட்டது. பக்கத்து டென்ட்களில் ஓய்வெடுத்த ஆட்கள் எழுந்து கிளவுஸ் மாட்டினார்கள். இவர் மட்டும் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார். எதைப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரியும். போக வேண்டாங்க என்றேன். வார்ம்-அப் சுற்று ஒன்று போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று கிளம்பினார்.

எல்லோரும் ஒரு சுற்று வந்து அவரவர் இடத்தில் நின்றார்கள். முதல் இடம் காலியாகவே இருந்தது. இவர் ஒரு கையை உயர்த்தியபடி தனியாக உள்ளே திரும்பி வந்து, எஞ்சினை அணைத்துவிட்டு, இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

நான் அருகில் போனேன். "வளைவுல கொடி வச்சிருக்கறவன் கண்ணுக்கே தெரியல" என்று என் காதில் மட்டும் விழும்படி சொன்னார். "பக்கத்துல வர்றவன் தெரியல. நான் விழுந்தாப் பரவால்ல. என்னால இன்னொருத்தன் விழுந்தா?"

அந்தக் காலி இடத்தைத் தாண்டிக்கொண்டு பந்தயம் புறப்பட்டது. நாங்கள் மூன்று பேரும் நின்று கடைசிவரை பார்த்தோம். யாழ்ப்பாணத்துத் தம்பி ஜெயித்தார்.

கோப்பையோடு நேராக எங்கள் டென்டுக்கு வந்தார். பைக்குக்கு என்ன ஆனது என்று கேட்டார். கிளட்ச் போய்விட்டது என்றார் இவர். அந்தப் பிள்ளை கோப்பையை நீட்டினார்.

"இண்டைக்கு இது உங்கட ரேஸ் அண்ணை. நீங்களே வச்சிருங்கோ."

இவர் வாங்கவில்லை. "ஸ்டார்ட்ல வந்து நின்னவந்தான் ஜெயிக்க முடியும் தம்பி. நான் வந்து நிக்கல" என்றார். பிறகு அவர் தோளில் கை போட்டு, போட்டோவுக்குச் சிரித்தார்.

திரும்பும்போது நான்தான் ஓட்டினேன். மகள் பின்சீட்டில் தூங்கிவிட்டாள். ஷார்ஜா தொழில்பேட்டைப் பக்கம் லாரிகளுக்கு நடுவில் நகர்ந்துகொண்டிருந்தபோது, "அந்தக் கடைசி வளைவைத் திரும்பிட்டேன், தெரியுமா. சுத்து முடியற கோடு எதிர்ல தெரிஞ்சுது" என்றார். அதற்குப் பிறகு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். ரோட்டிலிருந்து கண்ணை எடுக்க முடியாமல், கியர் மேல் இருந்த கையை மட்டும் எடுத்து அவர் முழங்கால் மேல் வைத்தேன்.

யார்மேல் கோபப்படுவது என்று நான் நிறைய நாள் தேடியிருக்கிறேன். அதிகாரி விதிப்படி நடந்தார். எஞ்சின் வெடித்தவர் மறுநாள் போன் செய்து மன்னிப்புக் கேட்டார். இடைவெளியைக் கணக்கில் சேர்க்கும் விதியாக இருந்திருந்தால்? அப்போதும் அந்த மாலை வெளிச்சத்தில்தான் ஓட்டியிருக்க வேண்டும். எந்த விதியும் இவருக்குப் பகலைத் திருப்பிக் கொடுத்திருக்காது.

ஒரு மாதம் கழித்து பைக்கை விற்றோம். அன்று மகளிடம் கண் விஷயத்தைச் சொன்னோம். அப்பாவிடம் அவள் எதுவும் கேட்கவில்லை. சமையலறைக்கு வந்து என்னிடம், "அப்போ கிளட்ச் இல்லியாம்மா?" என்றாள். இல்லை என்றேன். என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

இப்போது கம்பெனி வேன்தான் அவரை டூட்டிக்கு அழைத்துப் போகிறது. அவர் வரும் நேரத்துக்கு முன்பு மகள் ஹோம்வொர்க்கை விட்டு எழுந்து, வாசல், ஹால், பாத்ரூம் என்று வீட்டிலிருக்கும் எல்லா விளக்கையும் போட்டுவைக்கிறாள். தரையில் கிடக்கும் தன் ஸ்கூல் பையை எடுத்து ஓரமாக வைக்கிறாள். இதைச் செய் என்று நாங்கள் அவளிடம் சொன்னதேயில்லை.