ஆளெண்ணும் ஞாயிறு

கிரேக்க நாட்டின் அஸ்பிரோனீசித் தீவில் ஆடுகளை வருஷா வருஷம் எண்ணுவார்கள். மானியத்துக்காக ஓர் அதிகாரி கப்பலேறி வந்து, ஒவ்வோர் ஆட்டின் காதையும் திருப்பிப் பார்த்துவிட்டுப் போவார். மனிதர்களை எண்ணுவது பத்து வருஷத்துக்கு ஒருமுறைதான். அந்த ஞாயிற்றுக்கிழமை யார் எந்த மண்ணில் நிற்கிறார்களோ அந்த மண்ணின் கணக்கில் சேர்வார்கள். அதனால் பிரேயஸ் துறைமுகத்துக்குப் பிழைக்கப் போன தீவுக்காரர்கள் அன்று கூட்டம் கூட்டமாக ஊருக்குக் கப்பலேறுவார்கள்.

தொண்ணூற்றொன்றில் அந்த ஞாயிறு மார்ச் மாதம் வந்தது. தீவின் தலைக்கணக்கு நூற்றைம்பதைத் தொடாவிட்டால் மருத்துவர் பதவியைப் பக்கத்துப் பெரிய தீவுக்கு மாற்றிவிடுவதாக மேலிடம் சொல்லியிருந்தது. மருத்துவர் இல்லை என்றுதான் ஜனங்கள் ஊரைவிட்டுப் போனார்கள். ஜனங்கள் இல்லை என்று இப்போது மருத்துவரைப் பறிக்கிறார்கள். எந்த ஊர் நியாயம் இது?

பிலியோ துறையில் கயிறு கட்டுபவள். கப்பலிலிருந்து வீசும் வடத்தைப் பிடித்துக் கரைத்தூணில் மாட்டுவது அவள் வேலை. முன்பு அதைச் செய்தவன் அவள் புருஷன். மருத்துவர் பதவி காலியாகக் கிடந்த ஒரு மாதத்தில் அவனுக்குக் குடல்வால் வெடித்தது. பெரிய தீவுக்குப் படகில் கொண்டுபோகும் வழியிலேயே செத்தான். தேவ சித்தம் என்றார் பாதிரியார். "ஒரு கத்தியும் மயக்க மருந்தும் இருந்திருந்தா தேவனுக்கு வேற சித்தம் வந்திருக்கும், ஃபாதர்" என்றாள் பிலியோ. அதற்குப் பிறகு அவர் அவளிடம் பிரசங்கம் செய்ததில்லை.

மகள் அசிமினா பிரேயஸில் இருந்தாள். அவளுக்குக் குழந்தை பிறந்து நாலு மாதம். டாக்டர் இருந்தால் குடும்பத்தோடு ஊருக்கே வந்துவிடுவேன், இல்லாத ஊரில் பிள்ளையை வளர்க்கமாட்டேன் என்று தொலைபேசியில் அறுத்துச் சொல்லிவிட்டாள். அப்பன் செத்த விதத்தைப் பார்த்தவள். அவளைக் குறை சொல்ல முடியாது. அந்த ஞாயிற்றுக் கப்பலில் அவளும் வந்துகொண்டிருந்தாள்.

விடிந்ததிலிருந்தே தெற்குக் காற்று அடித்தது. பிலியோ துறையைவிட்டு நகரவில்லை. மதியம் தாண்டி முனையில் கப்பல் தெரிந்தது. தெரிந்த வேகத்திலேயே ஊதிவிட்டு விலகத் தொடங்கியது. இந்த அலையில் கட்ட முடியாது, பெரிய தீவில் இறக்கிவிடுகிறேன் என்று துறையிலிருந்த வானொலியில் சொன்னார் கேப்டன். துறையே கொதித்தது. அங்கே இறங்கினால் அங்கேதான் எண்ணுவார்கள். மருத்துவரும் அவர்களுக்கு, நம் ஆட்களும் அவர்களுக்கா?

பிலியோ ஒலிவாங்கியைப் பிடுங்கினாள்.

"கேப்டன், மலைக்குப் பின்பக்கம் நில்லுங்க. அங்க காத்து படாது. நான் படகோட வரேன்."

"ஏம்மா, நீ கயிறு பிடிக்கிற பொம்பள."

"பத்து வருஷமா உங்க கப்பல நான்தான் பிடிச்சு நிறுத்துறேன். இன்னிக்கு ஒரு தடவ நீங்களா நில்லுங்களேன்."

வானொலி கரகரத்தது. சிரித்தாரோ, திட்டினாரோ. கப்பல் திரும்பியது.

படகு அலைக்கு அலை தாவியது. கப்பலின் பக்கக் கதவிலிருந்து ஒவ்வொருவராகக் குதித்தார்கள்; பெட்டியோடு குதித்தவர்கள், வாந்தியோடு குதித்தவர்கள். மூன்று நடை ஆனது. கடைசி நடையில் கதவோரம் அசிமினா, கையில் போர்வைச் சுருள். படகு உயர்ந்த கணம், "அம்மா, பிடி" என்று நீட்டினாள். ஆயிரம் தடவை வடம் பிடித்த கைகள் பேத்தியைப் பிடித்தன. அதுதான் முதல் சந்திப்பு. குழந்தை அழவில்லை, பிலியோதான் அழுதாள்.

வந்தவர்களை ஸ்கெவோஸின் காப்பிக் கடையில் உட்காரவைத்து எழுதினார் ஆளெண்ணும் பொறுப்பிலிருந்த வாத்தியார் ஆர்கிரிஸ். வீடுகளை அவர் காலையிலேயே முடித்திருந்தார். கூட்டிப் பார்த்தார். மறுபடி கூட்டினார். நூற்று நாற்பத்தொன்பது.

ஸ்கெவோஸ்தான் மெல்ல ஆரம்பித்தான், புதன்கிழமை செத்துப்போன தன் மாமாவையும் சேர்த்துவிடலாமே என்று. அவரும் ஊரைவிட்டு எங்கேயும் போகவில்லையாம்.

படகுத் தண்ணீரை இறைத்து முடித்து, சொட்டச் சொட்ட உள்ளே வந்த பிலியோவின் காதில் அது விழுந்தது. "செத்தவனக் காட்டி டாக்டர வாங்கினா, அவருக்குக் கல்லறையிலதான் வேல. நம்மள ஏமாத்துறவங்க மாதிரியே நாமளும் ஆகணுமா?"

வாத்தியார் அவளையே உற்றுப் பார்த்தார். "பிலியோக்கா, காலையில உங்க வீடு பூட்டியிருந்துச்சே."

"துறையில இருந்தேன்."

"அப்ப உங்கள யாரு எழுதினது?"

ஒரு கணம் யாருக்கும் எதுவும் புரியவில்லை. புரிந்ததும் கடை அதிர்ந்தது. மேசைகளில் குத்தினார்கள், பாதிரியார் ஸ்கெவோஸைக் கட்டிக்கொண்டார், அசிமினா சிரிப்பை அடக்க முடியாமல் தரையில் உட்கார்ந்தாள். ஊரையெல்லாம் கரை சேர்த்தவள் தன்னை மறந்திருந்தாள்.

வாத்தியார் பேனாவை எடுத்தார். பெயர், வயது எழுதினார். தொழில் என்றதும், "கயிறு கட்டுறது" என்றாள்.

"அப்படி ஒரு தொழில் இவங்க அட்டவணையில இல்லக்கா. இல்லத்தரசின்னு போடட்டுமா?"

"இல்லன்னா என்ன, புதுசா ஒரு வரி போடுங்க" என்று பேத்தியை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள் பிலியோ. "எழுதி முடிச்சுட்டு, டாக்டருக்கு எந்த வீட்டச் சுத்தம் பண்ணணும்னு சொல்லுங்க."