முன்னால் வந்தவளுக்குக் கடைசி ஐஸ்

புரோகிராம் எழுதும் தொழிலில் என் ரத்தம் கொதிக்க ஒரு வார்த்தை போதும்: "சின்ன புரோகிராம்தானே!" அதைக் கேட்டுப் பல்லைக் கடித்திருக்கும் உங்களிடம்தான் சொல்லி அழ முடியும். எண்பதுகளின் நடுவில், பழவேற்காட்டில் ஒரு மீனவர் சங்கத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது. புரோகிராம் எழுத நான். எனக்கு மேலே, பயிற்சி வகுப்புக்குப் போய்வந்த மேலாளர்.

ஐஸ்

ஐஸ் வாங்க வருபவர்களின் பெயரைப் பதிந்து, முறைப்படி கூப்பிட வேண்டும். "புதுப் பெயரை மேலே போடு, மேலேயிருந்தே எடு. சுலபம்" என்றார் மேலாளர். "அது தட்டு அடுக்குகிற முறை சார், கடைசித் தட்டுதான் முதலில் கைக்கு வரும். நமக்கு வேண்டியது வரிசை" என்றேன். கேட்கவில்லை, தானே எழுதிவிட்டார்.

முதலில் வந்தவள் லைட்ஹவுஸ் குப்பத்துத் தனம்மா. புதிதாக ஒருத்தி வரவர, அந்தப் புதியவளைத்தான் கம்ப்யூட்டர் கூப்பிட்டது. தனம்மாவின் இறால் வெயிலில் கறுத்தது. "கம்ப்யூட்டர் தப்பு பண்ணாதும்மா" என்றார் மேலாளர். அவள் கூடையை அவர் மேஜையில் கவிழ்த்தாள்.

"தப்பு பண்ணாதுன்னா, இந்த நாறுன எறாவ நீயே துன்னுய்யா!"

பெயர்

படகு எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் தரும் புரோகிராமில், ஆளைப் பெயரை வைத்தே தேடச் சொன்னார். படகு எண்ணை வைப்போம் என்று தொண்டை வறளச் சொன்னேன். சுண்ணாம்புக்குளம் முனுசாமி வந்தபோது, 'ஏற்கெனவே வாங்கியாச்சு' என்றது திரை. வாங்கியவர் வேறு முனுசாமி. பெயரோடு எதையாவது சேர்த்துக்கொண்டு வரும்படி மேலாளர் அவருக்கே உத்தரவு போட்டார்.

"இன்னா சார், எங்க நைனா வச்ச பேரு இது. உன் மிஷினுக்காக நான் இன்னொரு தபா பொறக்கணுமா?"

புயல்

கடலுக்குப் போய்த் திரும்பும் படகுகளைக் கணக்கு வைக்கும் புரோகிராமில், அப்போது இருந்த படகுகளின் எண்ணிக்கைக்கு மட்டுமே இடம் ஒதுக்க வைத்தார். புதுப் படகு வந்தால் இடம் வளரட்டும் என்றேன். மெமரி வீண் என்றார். இடம் தீர்ந்தால் கம்ப்யூட்டர் பிழை காட்டும். அதையும் காட்டாதபடி அவரே அடக்கி வைத்திருந்தார்.

புயலடித்த அன்று, 'எல்லாப் படகும் திரும்பிவிட்டது' என்றது திரை. தேடப் புறப்பட்ட படகை மேலாளர் நிறுத்தினார். தனம்மா ஓடிவந்தாள். அவள் தம்பியின் புதுப் படகு வரவில்லை. அது கம்ப்யூட்டருக்குள்ளேயே ஏறவில்லை. மேலாளரைத் தள்ளிவிட்டு ஓடி, தேடும் படகை நானே அனுப்பினேன். முகத்துவாரத்துக்கு வெளியே, கவிழ்ந்த படகைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தவனை உயிரோடு கொண்டுவந்தார்கள். அவன் கரையில் உப்புத் தண்ணீரைக் கக்கிக்கொண்டிருக்கும்போது மேலாளர் என்னிடம் சொன்னார்:

"ஒரே ஒரு படகுதானேப்பா விட்டுப்போச்சு, அதுக்கு ஏன் இவ்ளோ கத்துற?"

அந்தக் கம்ப்யூட்டருக்கு ஏசி எங்கே மாட்டுவது என்று கூட்டம் போட்டு யோசித்தார்கள். அதன் உள்ளே எதை எப்படி அடுக்குவது என்று யோசிக்கத்தான் யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை.