ஜமால் மாமா சிகரெட் பிடித்ததில்லை

இந்தக் கெமிஸ்ட்ரி நோட்டு யார் கையில் கிடைத்தாலும் தயவுசெய்து யாரிடமும் காட்டாதீர்கள். என் அப்பாவிடம் மட்டும் காட்டவே காட்டாதீர்கள். உங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். வீட்டில் எல்லோரும் படுத்துவிட்டார்கள். போன் டார்ச் வெளிச்சத்தில் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை சடை பின்னிக்கொண்டிருந்தேன். அப்பாவின் போன் அடித்தது. அவருடைய இரண்டு கைகளிலும் கட்டு இருப்பதால் அம்மாதான் எடுத்து அவர் காதில் வைத்தார். அப்பா "சரிங்க" என்று மட்டும் சொன்னார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு, "பாய் போயிட்டாரு" என்றார். தீக்காயத்தோடு மூன்று நாள் பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்த ஜமால் மாமா இறந்துவிட்டார்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திருவானைக்காவலில் என் அப்பா வைத்திருக்கும் கார் ஒர்க் ஷாப்பில் அவர் மெக்கானிக். ஷார்ஜாவில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு வந்தவர். பாலக்கரையிலிருந்து காவிரிப் பாலம் தாண்டி தினமும் மொபெட்டில் வருவார். எங்கள் வீடு ஒர்க் ஷாப்பின் மாடியில்தான்.

பெட்ரோல் கசிவு என்று வண்டி வந்தால் அவர் முதலில் குனிந்து மோந்து பார்ப்பார். பிறகு ஸ்பேனரை நீட்டி, "இங்கதான்" என்பார். அது தப்பியதே இல்லை. "பாய் மூக்குக்குத் தனியா ஒரு போர்டு வைக்கணும்" என்று அப்பா கேலி செய்வார்.

கொரோனா வந்து தேறி, இரண்டு மாதம் கழித்து அவர் வேலைக்குத் திரும்பினார். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுதுவிட்டு வந்தபோது மாடிவரை அத்தர் நெடி அடித்தது. அப்பாவுக்கு இருமலே வந்துவிட்டது.

"என்ன பாய், பாட்டிலோட தலையில கவுத்துக்கிட்டீங்களா?"

"மறுபடியும் மாப்பிள்ளை ஆகலாம்னு பாக்குறேன் சேகர்" என்று மாமா சிரித்தார். நான் டீ கொண்டுபோனபோது அவர் சிரிக்கவில்லை. கையைத் துணியில் வெகுநேரம் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எனக்கு ஒண்ணுமே தெரியல பாப்பா. பிரியாணியும் தெரியல, பெட்ரோலும் தெரியல. அப்பாகிட்ட சொல்லிடாதம்மா. மூக்கு இல்லாத மெக்கானிக்க யாரு வச்சுக்குவா?"

நான் யாரிடமும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவருக்கு நான்தான் மூக்கு. பெட்ரோல் குழாயில் வேலை முடிந்ததும் ஸ்பேனரால் இரும்புக் கம்பத்தில் இரண்டு தட்டுத் தட்டுவார். நான் இறங்கிப்போய் வண்டியைச் சுற்றி மோந்து பார்ப்பேன். "வாங்க மூக்கம்மா" என்பார். "பின் டயர்கிட்ட லேசா வருது மாமா" என்றால் மறுபேச்சில்லாமல் மறுபடியும் படுத்துக்கொண்டு முடுக்குவார். எனக்குச் சளி பிடித்திருந்த ஒருநாள், முடித்த வண்டியைக் கொடுக்கவே மாட்டேன் என்றுவிட்டார்.

"என்ன பாய், எல்லாம் முடிஞ்சிருச்சுன்னீங்க?" என்றார் வண்டிக்காரர்.

"வண்டிக்கு ஜலதோஷங்க. ரெண்டு நாள் போகட்டும்."

போன வாரம் ஒரு கார் வந்தது. வேகத்துக்காக அதில் பெரிய இன்ஜின் மாற்றியிருந்தார்கள். பெட்ரோல் டேங்கில் எழும் ஆவியைப் பிடித்துவைக்கக் காரில் கரி நிரப்பிய ஒரு டப்பா இருக்கும். இன்ஜின் ஓடும்போது அந்த ஆவியை இழுத்து எரித்துவிடும். புது இன்ஜினுக்குப் பக்கத்தில் அந்த டப்பாவுக்கு இடமில்லை.

"அதத் தூக்கிப் போடுங்க பாய்" என்றார் காரின் சொந்தக்காரர்.

"டப்பாவத் தூக்கிப் போடலாம் தம்பி. ஆவிய எங்க தூக்கிப் போடுவீங்க?"

டப்பாவைப் பின்பக்கம் மாற்றி, புதுக் குழாய் இழுக்க இரண்டு நாள் கேட்டார் மாமா. அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "சனிக்கிழமை தரேன்னு சொல்லிட்டேன் பாய். எடுத்துட்டுக் குழாய அடைச்சு விடுங்க, போதும்." மாமா டப்பாவைக் கழற்றினார். "இப்போதைக்கு அடைக்கிறேன் சேகர். திங்கக்கிழமை வண்டி திரும்பி வரணும்" என்று சொல்லி, டப்பாவின்மேல் சாக்பீஸால் வண்டி நம்பரை எழுதி அலமாரியில் வைத்தார். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது.

சனிக்கிழமை காலை நல்ல மழை. சாரல் அடிக்காமலிருக்க ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார்கள். கம்பத்தில் இரண்டு தட்டு கேட்டது. எனக்கு ஸ்பெஷல் கிளாசுக்கு நேரமாகிவிட்டிருந்தது. பையோடும் குடையோடும் வாசலிலேயே நின்றேன்.

"மூக்கம்மா, ஒரு நிமிஷம். இந்தக் குழிகிட்ட வந்து பாத்துட்டுப் போ." வண்டிக்கு அடியில் நின்று வேலை பார்க்கும் குழியைச் சொன்னார்.

"ஒண்ணும் வரல மாமா!"

"வரலதானே?"

"வரல மாமா. போயிட்டு வரேன்."

"பாத்துப் போம்மா, ரோடெல்லாம் தண்ணி."

நான் உள்ளே போகவே இல்லை. என் மூக்கில் மழை வாசனை மட்டும்தான் இருந்தது.

பஸ் ஸ்டாப்பை அடைவதற்குள் அந்த வெடிச் சத்தம் கேட்டது. குழாயில் அடைத்த இடம் கசிந்து, ஆவி குழிக்குள் இறங்கித் தேங்கியிருக்கிறது. மாமா பேட்டரி வயரை மாட்டியபோது ஒரு பொறி பறந்து தீப்பிடித்திருக்கிறது. அப்பா வெறுங்கையால் அவரை இழுத்துக்கொண்டு வந்தார்.

இதை அப்பா அன்றிரவு அம்மாவிடம் சொன்னதைக் கேட்டேன். ஆனால் விசாரிக்க வந்தவர்களிடம், "சிகரெட் பத்த வச்சிருப்பாரு போலங்க" என்று சொல்லியிருந்தார். "டப்பாவ எடுக்கச் சொன்னது நான்னு தெரிஞ்சா கடையப் பூட்டிருவாங்க" என்று அம்மாவிடம் அழுதார். என் அப்பா அழுது நான் கேட்டதில்லை.

செவ்வாய் மதியம் பாலக்கரையில் மாமா வீட்டுக்குப் போனோம். உள்ளறையில் பெண்களுக்கு நடுவே மாமி உட்கார்ந்திருந்தார். என் கையைப் பிடித்துப் பக்கத்தில் இருத்திக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"நீ தினம் பாப்பியே பாப்பா. அவரு சிகரெட் பிடிப்பாரா? முப்பது வருஷமா எங்கிட்ட மறைச்சிட்டாரா?"

அம்மா என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். மாமி என் கையை விட்டுவிட்டார்.

சற்று நேரத்தில் வெள்ளைத் துணி சுற்றி, அத்தர் பூசி, மாமாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஜன்னல் வழியாக லேசான வாசனை வந்தது. அன்றைக்கு அத்தர் அளவாக இருந்தது.

கணவர் இறந்ததால் மாமி இத்தா இருக்க வேண்டும்; நான்கு மாதத்துக்கும் மேல் வீட்டை விட்டு வெளியே வர மாட்டார். இங்கே வந்து யாரிடமும் கேட்க முடியாது. நான்தான் போக வேண்டும். சொன்னால் அப்பாவை என்ன செய்வார்களோ, என்னை என்ன செய்வார்களோ தெரியவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

மாமா, நீங்கள் அன்றும் கேட்டீர்கள். இரண்டு தடவை கேட்டீர்கள். பார்க்காமல் சொன்னது நான். நீங்கள் ஒருநாளும் அஜாக்கிரதையாக இருந்ததில்லை. போய் வாருங்கள், மா

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். விரலால் தட்டும் சத்தமில்லை. அப்பா முழங்கையால் தட்டுகிறார்.

"தூங்கலையாம்மா? எனக்கும் தூக்கம் வரல. கதவத் தொற."

நோட்டை ஒளிக்கப் போவதில்லை. நான்